டிரினிடாடில் ஒரு சிறு கடை

தென்னமெரிக்கக் கண்டத்தின் வடகரையை ஒட்டி, வெனிசுவேலா நாட்டினின்றும் ஒரு குறுகிய கடற்காலால் மட்டும் பிரிக்கப்பட்டதாய், டிரினிடாட் என்னும் தீவு அமைந்திருக்கிறது. அதற்கு வடகிழக்கே டொபேகோ என்னும் சிறு தீவு. இவ்விரண்டும் ஒரே நாடாகி, 1962ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் பிரிட்டிஷ் ஆட்சியினின்றும் விடுதலை பெற்றன. 1976ஆம் ஆண்டில் குடியரசாயின. அங்கு வாழும் மக்கள் ஏறத்தாழப் பதினான்கு இலட்சம் பேர். நிலத்தடி எண்ணெயும் எரிவாயுவும் அந்நாட்டின் பெருஞ்செல்வம். ஆயினும் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்வோரினும், கடை வைத்தும் தட்டெடுத்தும் தள்ளுவண்டி தள்ளியும் பிழைப்போரே அந்நாட்டுத் தெருக்களில் கண்ணுக்கு மிகுதியாகத் தென்படுவர்.

தீவின் தென்பகுதியில் டேபே என்றோர் ஊர் உண்டு. அங்கே சாலையோரத்தில் வரிசையாகச் சிற்றுண்டிக் கடைகள் இருக்கின்றன. அவ்வூரிலும் பிற ஊர்களிலும் பொழுது புலர்வதற்கு முன்பே எண்ணெய் காயும் மணம் எழும். மஞ்சளும் சீரகமும் கலந்து, புளிக்கவைத்துப் பிசைந்த மாவைக் கையகலத்துக்குத் தட்டி எண்ணெயில் இடுவர். அது மெத்தென்று பொங்கி வரும். அதற்குப் ‘பாரா’ என்று பெயர். இரண்டு பாராக்களுக்கு இடையே கறிமசாலையில் வெந்த கொண்டைக்கடலையை வைத்து, வெள்ளரித் துருவலும் புளிச்சாறும் மிளகாய்ச் சாறும் சேர்த்து, மெழுகுத் தாளில் மடித்துத் தருவர். இதனை ‘டபிள்ஸ்’ என்பர். முதலில் ஒரே பாராவில் கடலையை வைத்து விற்றனர் என்றும், வாங்குவோர் அதனை இரட்டிப்பாகக் கேட்டதனால் இப்பெயர் உண்டாயிற்று என்றும் கூறுவர். 1930ஆம் ஆண்டுகளில் பிரின்ஸஸ் டவுன் என்னும் ஊரில் தோன்றிய இவ்வுணவு, இன்று அந்நாட்டில் இனவேறுபாடின்றி யாவரும் காலையில் நின்றபடி உண்ணும் உணவாகிவிட்டது.

இத்தகைய கடையொன்றைத் தொடங்க எண்ணும் ஒரு பெண்மணியை மனத்தில் கொள்வோம். அவரிடம் கைப்பக்குவம் உண்டு; ஓர் அடுப்பும் இரண்டு வாணலிகளும் உண்டு; வீட்டின் முன்னறை சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. அயலார் வாங்கி உண்ண ஆயத்தமாக இருக்கின்றனர். இவ்வளவும் இருந்தும் அவர் வணிகர் ஆகிவிடவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர் தென்படவேண்டுமாயின், சில அலுவலகங்களின் வாயிற்படிகளை அவர் மிதித்தாக வேண்டும். அந்த வழியைப் பற்றியதே இப்பாடம்.

வழியைக் கூறுமுன், அந்தத் தீவுகளில் சிறு வணிகனுக்கும் அரசாங்கத்தின் சீட்டுக்கும் இருந்த பழைய உறவைச் சற்றே நினைத்துப் பார்ப்பது தகும். கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த காலத்திலேயே, அவர்கள் தம் சிறு கொல்லைகளில் விளைந்த கிழங்கையும் காயையும் கோழியையும் கொண்டுவந்து சந்தையில் விற்றனர். தலைச்சுமையாகப் பொருள் கொண்டு சென்று கூவி விற்றவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். இது தோட்ட முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. திருட்டுப் பொருள் விலையாகிறது என்று முறையிட்டனர். பார்படாஸ் தீவில் 1708ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, சில பொருள்களை விற்கச் செல்லும் அடிமை, தன் கழுத்திலோ காலிலோ பூட்டப்பட்ட உலோக வளையம் ஒன்றை அணிந்திருக்க வேண்டும். அதில் உடையவனுடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். விற்பதற்குரிய உரிமம், விற்பவளின் உடலிலேயே பூட்டப்பட்ட காலம் அது.

பிரிட்டிஷ் தீவுகளில் 1838ஆம் ஆண்டில் முழு விடுதலை வந்தது. விடுதலை பெற்றோர் தோட்டத்தை விட்டு நீங்கிச் சிறு வணிகத்தில் இறங்கலாயினர். அவ்வாறு நீங்காதபடி அவர்களைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் பல தீவுகளின் ஆட்சியாளரிடம் இருந்தது. அதற்கு உதவிய கருவிகளுள் ஒன்று, கூவி விற்போர் மீதும் சிறுகடைகள் மீதும் விதிக்கப்பட்ட உரிமக் கட்டணம். தொகை சிறிதாகத் தோன்றினும், அன்றாடங்காய்ச்சிக்கு அது பெருஞ்சுமையே.

கரும்பு வெட்ட ஆள் தேடியவர்கள் இந்தியாவை நோக்கினர். 1845ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ‘பத்தே ராசக்’ என்னும் கப்பல் முதல் இந்தியத் தொழிலாளரைக் கொண்டுவந்து டிரினிடாடில் இறக்கியது. 1917ஆம் ஆண்டுவரை ஏறத்தாழ 1,44,000 பேர் அவ்வாறு வந்தனர். அவர்களுள் மிகப்பலர் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். சென்னைத் துறையிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் சிறு தொகையினர். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்ட அத்தொழிலாளி, தோட்டத்தை விட்டு வெளியே செல்ல வேண்டுமாயின் ஒரு சீட்டுப் பெற்றாக வேண்டும். சீட்டின்றிச் சாலையில் நடந்தால் சிறை. ஒப்பந்தம் முடிந்தபின் கிடைக்கும் ‘விடுதலைச் சீட்டு’ ஒன்றே அவனைத் தன் விருப்பம்போல் நடமாட விட்டது. அதனைப் பெற்றோருள் சிலர் பால் விற்றனர். சிலர் வளையலும் துணியும் சுமந்து ஊர் ஊராகச் சென்றனர். சிலர் சிறுகடை வைத்தனர். தாளைக் கண்டால் அஞ்சுவதும், தாளைப் பெட்டியின் அடியில் பொன்போல் வைத்துக் காப்பதும் ஆகிய இரு பழக்கங்களும் ஒருங்கே அம்மக்களின் வழித்தோன்றல்களிடம் காணப்படுவதில் வியப்பில்லை.

இன்றைய பதிவுமுறைக்கு வருவோம். கடை தொடங்குவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, வணிகம் யாருடையது என்பது. ஒருவர் தாமே தனித்து நடத்தலாம். இருவர் மூவர் கூடிக் கூட்டு வணிகமாக நடத்தலாம். அன்றி, ஒரு கம்பெனியை நிறுவி, அதன் பெயரால் நடத்தலாம். சிறுகடை வைப்போர் பெரும்பாலும் முதல் வழியையே கொள்வர். செலவு குறைவு, எழுத்து வேலையும் குறைவு. ஆனால் அதில் ஓர் இடர் உண்டு. கொதிக்கும் எண்ணெய் கவிழ்ந்து வாடிக்கையாளர் ஒருவர் மேல் பட்டது என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றம் இழப்பீடு விதிக்குமாயின், தனியாள் வணிகரின் கடைமட்டுமன்றி, அவர் குடியிருக்கும் வீடும் சேமித்த பணமும் அவ்விழப்பீட்டுக்குப் பொறுப்பாகும். கடைக்கும் கடைக்காரருக்கும் இடையே சட்டம் சுவர் எதுவும் எழுப்புவதில்லை.

கம்பெனி என்பது அந்தச் சுவர். 1995ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி நிறுவப்படும் கம்பெனி, தன்னை நிறுவியவரினும் வேறான ஓர் ஆளாகக் கருதப்படும். அது கடன் வாங்கும், சொத்து வைத்துக்கொள்ளும், வழக்குத் தொடுக்கும், அதன்மீதும் வழக்குத் தொடுக்கலாம். பங்குதாரர் பொதுவாகத் தாம் இட்ட பங்குத்தொகை அளவுக்கே இழப்பர். அதன் பெயரின் இறுதியில் ‘லிமிடெட்’ என்னும் சொல் நிற்பது, அதனோடு கொடுக்கல் வாங்கல் செய்வோருக்கு இடப்படும் எச்சரிக்கையே ஆகும். இந்தப் பாதுகாப்புக்கு விலையும் உண்டு: அமைப்புப் பத்திரம் எழுதித் தரவேண்டும், இயக்குநர் யார், செயலாளர் யார், பதிவு அலுவலகம் எங்கே என்று தெரிவிக்க வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். 2019ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தின் பின், கம்பெனியின் பயனை உண்மையில் நுகரும் உரிமையாளர் யார் என்பதையும் வெளிப்படுத்த வேண்டும். டபிள்ஸ் விற்கும் பெண்மணிக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. கடை பெருகி, இரண்டாவது கிளையும் மூன்றாவது கிளையும் தோன்றும்போது அவர் இதனை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது பெயர். தம் சொந்த முழுப்பெயரை மட்டும் பலகையில் எழுதி, வேறு எச்சொல்லும் சேர்க்காமல் வணிகம் செய்பவர் வணிகப் பெயரைப் பதிய வேண்டுவதில்லை. ஒரு சொல் கூடினாலும் நிலை மாறிவிடும். அவர் கடைமுன் நிற்கும் மாமரத்தை நினைத்து ‘மாமரத்தடி டபிள்ஸ்’ என்று பெயரிட விரும்பினால், வணிகப் பெயர்ப் பதிவுச் சட்டத்தின்கீழ் அதனைப் பதிந்தாக வேண்டும்.

இந்தச் சட்டத்தின் தோற்றம் சுவையானது. இதற்கு முன்மாதிரியாக அமைந்த சட்டம் 1916ஆம் ஆண்டில் பிரிட்டனில் இயற்றப்பட்டது. அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலப் பெயர்ப்பலகையின் பின்னே பகைநாட்டினர் மறைந்திருந்து வணிகம் நடத்துகிறார்களோ என்னும் ஐயம் அங்கு நிலவியது. பலகைக்குப் பின்னால் இருக்கும் மனிதர் யார் என்பதை வெளிப்படுத்தவே அச்சட்டம் வந்தது. போர் முடிந்தது, ஐயம் மறைந்தது, சட்டம் மட்டும் பேரரசின் தீவுகளுக்கெல்லாம் பரவி நிலைத்துவிட்டது. அதனால் தீங்கில்லை. ‘மாமரத்தடி’க்கு மாவு கடன் கொடுத்த வணிகர், கடன் திரும்பாதபோது மாமரத்தின்மேல் வழக்குத் தொடுக்க இயலாது. அப்பெயருக்குப் பின்னே நிற்கும் ஆளின் பெயரும் முகவரியும் எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா?

அது எழுதப்பட்டிருக்கும் இடம், தலைநகராகிய போர்ட் ஆப் ஸ்பெயினில் தலைமைப் பதிவாளர் துறையின் கீழ் இயங்கும் கம்பெனிப் பதிவகம். முதலில் அங்குப் பெயர்த் தேடல் நடைபெறும். அதே பெயரோ, கேட்போர் மயங்கத்தக்க அளவுக்கு அதனை ஒத்த பெயரோ முன்னரே பதிவாகியிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். அரசாங்கத்தின் ஆதரவு பெற்றது போன்ற பொய்த்தோற்றம் தரும் சொற்களுக்கும் இடமில்லை. கம்பெனி அல்லாதவர் ‘லிமிடெட்’ என்று போட்டுக்கொள்ளவும் கூடாது. ஆகையால் இரண்டு மூன்று பெயர்களை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்வது அறிவுடைமை. பெயர்ப்பலகை எழுதுபவனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு பெயர்த் தேடலுக்குச் சென்று ஏமாறுவோர் எந்நாட்டிலும் உண்டு.

பெயர் கிடைத்தபின், உரியவரின் பெயர், முகவரி, தொழிலின் தன்மை, தொழில் நடக்கும் இடம், தொடங்கும் நாள் ஆகியவற்றைக் குறித்துக் கட்டணத்தோடு விண்ணப்பம் தரவேண்டும். ஆளை அறிவிக்கும் அடையாளச் சீட்டும் வேண்டும். அந்நாட்டில் அதனை வழங்குவது தேர்தல் மற்றும் எல்லைகள் ஆணையம். பதிவு முடிந்தால் சான்றிதழ் வரும். அதனைக் கடையில் யாவரும் காணும்படி மாட்டிவைப்பது விதி. முகவரி மாறினாலும், கூட்டாளி விலகினாலும், கடையையே மூடிவிட்டாலும் பதிவகத்துக்கு அறிவிக்க வேண்டும். முன்னாளில் இவற்றையெல்லாம் தலைநகருக்குச் சென்று வரிசையில் நின்றே முடிக்க வேண்டியிருந்தது. 2012ஆம் ஆண்டில் அரசாங்கம் வணிகருக்கென மின்வழிச் சேவை ஒன்றைத் தொடங்கியது. கம்பெனிப் பதிவகமும் பின்னர்க் கணிப்பொறி வழியே விண்ணப்பங்களை ஏற்கலாயிற்று. கணிப்பொறி உள்ளவருக்கு இது பெரும் நன்மை. சாலையோரத்தில் வாணலியின் முன் நிற்பவருக்கோ, அதனை இயக்கத் தெரிந்த மகனோ மகளோ வேண்டியிருக்கிறது.

பெயர் பதிந்ததும் உரிமம் கிடைத்துவிட்டது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இது பெரும் பிழை. பதிவுச் சான்றிதழ், இன்னார் இன்ன பெயரில் தொழில் செய்கிறார் என்று மட்டுமே கூறும். அத்தொழிலை அவர் செய்யத் தகுந்தவரா, அவ்விடம் அதற்கு ஏற்றதா என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்கு விடை கூறும் அலுவலகங்களும் வேறு. தையற்கடை வைப்பவருக்கு இக்கேள்விகள் குறைவு. மது விற்க எண்ணுபவர் தனிச்சட்டத்தின்படி உரிமக் குழுவின்முன் விண்ணப்பிக்க வேண்டும். அயலார் மறுப்புக் கூறவும் அங்கு இடமுண்டு. உணவு விற்பவருக்கோ, உடல்நலத் துறையின் வாயில் காத்திருக்கிறது.

உணவைக் கையாள்பவர் யாவரும் ‘உணவு வில்லை’ என்று அந்நாட்டார் வழங்கும் அடையாள வில்லையைப் பெற்றாக வேண்டும். கடைக்கு உடையவர் மட்டுமன்று. மாவு பிசைபவரும் பரிமாறுபவரும் தனித்தனியே பெறவேண்டும். அதற்கு முன் மருத்துவச் சோதனை உண்டு. தொற்றுநோய் உள்ளவர் உணவைத் தொட்டால், ஒரே காலைப்பொழுதில் நூறு வீடுகளுக்கு நோய் சென்றுவிடும். வகுப்பும் உண்டு: கையை எவ்வாறு கழுவுவது, சமைத்த பொருளையும் பச்சைப் பொருளையும் எவ்வாறு பிரித்து வைப்பது, எவ்வளவு நேரம் எவ்வளவு சூட்டில் உணவைக் காப்பது, பணம் வாங்கிய கையால் உணவை ஏன் தொடலாகாது என்பன அங்கே கற்பிக்கப்படும். தாயிடமும் பாட்டியிடமும் சமையல் கற்றுக் கைதேர்ந்த பெண்மணிக்கு இவ்வகுப்பு முதலில் சிறிது மனவருத்தம் தரலாம். ‘முப்பது ஆண்டுகளாகச் சமைக்கும் எனக்கா?’ என்று தோன்றலாம். ஆனால் நான்கு பேருக்குச் சமைப்பதும் நானூறு பேருக்குச் சமைப்பதும் ஒன்றல்ல. வீட்டில் காலையில் வெந்த கடலை காலையிலேயே தீர்ந்துவிடும். கடையில் அது உச்சிவெயில் வரை பாத்திரத்தில் இருக்கும்.

ஆளைச் சோதித்தது போலவே இடத்தையும் சோதிப்பர். சுகாதார ஆய்வாளர் வந்து, குழாய்நீர் உண்டா, கைகழுவும் தொட்டி தனியே உண்டா, ஈ புகாத மூடி உண்டா, கழிவுநீர் எங்கே செல்கிறது, குப்பைக்கு மூடிய கலம் உண்டா என்று பார்ப்பார். குறை கண்டால் திருத்தச் சொல்வார். வில்லை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அதனை உடையில் யாவரும் காணக் குத்திக்கொண்டிருப்பர். பார்படாஸில் அன்று பூட்டப்பட்ட உலோக வளையத்தில் உடையவனின் பெயர் இருந்தது. இந்த வில்லை காட்டுவதோ அணிந்திருப்பவரின் தகுதியை.

இடத்தைப் பற்றி இன்னும் ஒரு சிக்கல் உண்டு. குடியிருக்கும் வீட்டின் முன்னறையைக் கடையாக்குவது, நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதாகும். அதற்கு நகர்ப்புற நாட்டுப்புறத் திட்டத் துறையின் இசைவு வேண்டும். ஊராட்சிப் பணிகளைப் பார்க்க டிரினிடாடில் 14 மாநகர, நகர, வட்டாரக் கழகங்கள் உள்ளன. டொபேகோவுக்குத் தனி அவை உண்டு. சந்தையில் இடம் வேண்டுவோர் இவற்றையே அணுகவேண்டும். தெருவோரத்தில் விற்பதுதான் தீராத வழக்கு. போர்ட் ஆப் ஸ்பெயினில் சார்லட் தெரு என்பது பெயர்பெற்ற கடைத்தெரு. அங்கு நடைபாதையில் பொருள் பரப்பி விற்போரை நகரக் கழகம் அகற்றுவதும், அவர்கள் மீண்டும் வருவதும் பன்முறை நிகழ்ந்துள்ளன. நடப்போருக்கு வழி வேண்டும் என்பது கழகத்தின் நியாயம். வாடகைக் கடைக்குப் பணம் இல்லாதவன் எங்கே விற்பது என்பது விற்பவனின் நியாயம். இரண்டிலும் உண்மை இருப்பதனாலேயே இவ்வழக்கு முடிவதில்லை.

வரியைப் பற்றி நீளக் கூறவேண்டியதில்லை. வணிகர் உள்நாட்டு வருவாய் வாரியத்தில் தம் பெயருக்கு ஓர் எண் பெறவேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 30ஆம் நாளுக்குள் வருமானக் கணக்குத் தரவேண்டும். 2023ஆம் ஆண்டு முதல் தனியாள் ஒருவருக்கு ஆண்டில் 90,000 டிரினிடாட் டாலர் வரை வரிவிலக்கு வழங்கப்பட்டது. ஆதலால் மிகச் சிறிய கடைக்காரர் பலர் வருமான வரிக்கு உட்படுவதில்லை. மதிப்புக்கூட்டு வரி 1990ஆம் ஆண்டு சனவரியில் புகுத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதன் வீதம் 15 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆண்டு விற்பனை குறிப்பிட்ட அளவைத் தாண்டியபின்பே அதற்குப் பதியவேண்டும். 2023ஆம் ஆண்டில் அவ்வளவு 6,00,000 டாலராக உயர்த்தப்பட்டது. கணக்கு எழுதாதவருக்குத் தாம் எந்த எல்லைக்கு இப்பால் நிற்கிறோம் என்பதே தெரியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் வரவும் செலவும் எழுதிவருவது நல்லது. மாவு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று அன்றன்று மாலை எழுதக் கால்மணி நேரம் போதும்.

இதுகாறும் கூறியவை, அப்பெண்மணி தம்மைப் பற்றி அரசாங்கத்துக்குக் கூறவேண்டியவை. தமக்குத் துணையாக ஓர் இளைஞனை வேலைக்கு அமர்த்தியவுடன், மற்றொருவனைப் பற்றிய கடமையும் அவருக்கு வந்துவிடுகிறது. தேசியக் காப்புறுதித் திட்டம் அந்நாட்டில் 1972ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. வேலைகொடுப்பவர் தேசியக் காப்புறுதி வாரியத்தில் பதிந்துகொண்டு, தம்மிடம் வேலை செய்வோரையும் பதியவேண்டும். செலுத்தவேண்டிய தொகையில் மூன்றில் இரு பங்கு வேலைகொடுப்பவருடையது. மூன்றில் ஒரு பங்கு வேலைசெய்பவரின் கூலியிலிருந்து பிடிக்கப்படும். நோய், மகப்பேறு, வேலையில் நேரும் காயம், முதுமை ஆகியவற்றுக்கு இதிலிருந்து உதவி கிடைக்கும்.

இவ்விடத்தில்தான் சிறுகடைக்காரர் பலர் தயங்கி நின்றுவிடுகின்றனர். பெயரைப் பதிவர், உணவு வில்லையும் பெறுவர், வேலையாளைப் பதிவதை மட்டும் ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று தள்ளிவிடுவர். வேலையாளும் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. கூலியில் ஒரு பகுதி பிடிக்கப்படாமல் முழுமையாகக் கைக்கு வருவது அவனுக்கு இனிதாகவே இருக்கும். இருவரும் மனம் ஒத்துச் செய்யும் பிழையாதலின், இதனைக் கண்டுபிடிப்பதும் அரிது.

அதன் விளைவு 2020ஆம் ஆண்டில் தெரிந்தது. கொரோனா நோய் பரவியபோது, அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் அரசாங்கம் உணவுக் கடைகளையெல்லாம் மூடச் செய்தது. பெரிய உணவகங்களோடு சாலையோரத்து டபிள்ஸ் கடைகளும் மூடப்பட்டன. விடியலில் எண்ணெய் காயும் மணமின்றி அந்நாட்டு ஊர்கள் சில வாரங்கள் கிடந்தன. வேலை இழந்தோருக்கு அரசாங்கம் ஓர் உதவித்தொகையை அறிவித்தது: தேசியக் காப்புறுதியில் பெயர் பதிந்து, வேலையும் கூலியும் இழந்த தொழிலாளருக்கு மாதம் 1,500 டாலர் வரை, மூன்று மாதங்களுக்கு. காப்புறுதி எண் உள்ளவன் தன் எண்ணை எழுதி விண்ணப்பித்தான். எண் இல்லாதவனோ, தான் வேலை செய்தவன் என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்தாண்டுகள் அதே வாணலியின்முன் நின்று வியர்வை சிந்தியிருந்தாலும், ஏட்டில் அவன் ஒரு நாளும் வேலை செய்யாதவனே.

பணம் திரட்டும் வகையிலும் இதே வேறுபாடு உண்டு. அத்தீவுகளில் ‘சூசூ’ என்றொரு வழக்கம் உள்ளது. பத்துப் பேர் கூடி, வாரந்தோறும் ஒரே தொகையை இட்டு, முறைவைத்து ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுத்துக்கொள்வர். நம் ஊர்ச் சீட்டுக்கு இது உடன்பிறப்பு எனலாம். ஆனால் ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களிடமிருந்து அங்குச் சென்றது. அதற்குச் சான்றிதழ் வேண்டாம். ஒருவர் மற்றவரை அறிந்திருந்தால் போதும். வாணலியும் அடுப்பும் சூசூப் பணத்தில் வாங்கப்பட்ட கடைகள் பல. இரண்டாவது வண்டியோ, குளிர்ப்பெட்டியோ வாங்க அப்பணம் போதாது. வங்கிக்குச் சென்றால், பதிவுச் சான்றிதழையும் கணக்கையும் வரி எண்ணையும் கேட்பர். சிறுதொழிலுக்குக் கடன் தருவதற்கென்று 2002ஆம் ஆண்டில் தோன்றிய தேசியத் தொழில்முனைவோர் வளர்ச்சிக் கம்பெனியும் தாள்களைப் பார்த்தே தீரும். அயலார் நம்பிக்கை எட்டும் தொலைவு ஒன்று. சான்றிதழ் எட்டும் தொலைவு ஒன்று.

இவ்வளவும் கேட்ட பின்னும், கடை தொடங்குவோர் தயங்குவதற்குக் காரணம் சோம்பலே என்று கூறுவது நீதியாகாது. பதிவகம் ஒரு நாள், உடல்நல அலுவலகம் ஒரு நாள், வகுப்பு ஒரு நாள், ஆய்வாளரை எதிர்நோக்கி ஒரு நாள், வருவாய் வாரியம் ஒரு நாள், காப்புறுதி வாரியம் ஒரு நாள் என்று நாள்கள் கழியும். கூலிக்காரருக்கு விடுப்பு நாள் உண்டு. தன் அடுப்பை நம்பி வாழ்பவருக்கு ஒரு நாள் கடை அடைத்தால் அன்றைய சோறு குறையும். ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தின் சீட்டைக் கேட்பதும் உண்டு. அறிந்தவர் அச்சீட்டுகளின் வரிசையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரே பயணத்தில் இரண்டு வேலைகளை முடிப்பர். அறியாதவர் பாதி வழியில் திரும்பிவிடுவர். விதிகள் தேவைதான், ஆனால் அவற்றை நிறைவேற்றும் வாயில்கள் எளியவரின் நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்கின்றனவா என்பதையும் அரசாங்கங்கள் எண்ணிப் பார்க்கவேண்டியுள்ளது.

அப்பெண்மணி பாதி வழியில் திரும்பவில்லை என்றே கொள்வோம். முன்னறையின் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டமிட்ட பதிவுச் சான்றிதழ் தொங்குகிறது. அவர் மேலங்கியில் ஒரு வில்லை. உதவிக்கு நிற்கும் இளைஞனின் சட்டையில் மற்றொன்று. அவனுடைய காப்புறுதி எண் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளது. மாமரத்தின் கிளையில் கட்டிய பலகையில் எழுத்துகளின் வண்ணம் இன்னும் காயவில்லை. பொழுது புலர்கிறது. பள்ளிக்குச் செல்லும் சிறுவர் இருவரும், எண்ணெய்க் கிணற்றுக்குச் செல்லும் தொழிலாளி ஒருவரும் கடைமுன் வந்து நிற்கின்றனர். மிளகாய்ச் சாறு எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்கிறார். ‘கொஞ்சம் போதும்’ என்கிறார் தொழிலாளி. சிறுவர்கள் நிறையக் கேட்கிறார்கள்.